டிராக்டருக்கு ஒரே பெயிண்டா, மேலே கிளியர் கோட்டா?

கேள்வி: ‘எங்களிடம் இருப்பது 12 வருடம் ஓடிய சிவப்பு டிராக்டர். பானெட்டும் மட்கார்டும் வெளுத்துவிட்டன. தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டுகிறது. ஒரு பட்டறையில் ஒரே பெயிண்ட் போதும் என்கிறார்கள். இன்னொரு பட்டறையில், கார் மாதிரி கலர் அடித்து மேலே கிளியர் அடித்தால்தான் நிற்கும் என்கிறார்கள். அதற்குக் கூலியும் அதிகம். எதைச் செய்வது?’
- வாசகர், உத்திரமேரூர்.

பதில்: சேற்றிலும் வெயிலிலும் உழைக்கும் டிராக்டருக்கு, ஹார்டனர் கலந்து அடிக்கும் ஒற்றைப் பெயிண்டே போதுமானது. ஆனால், பட்டறைக்கு விடுவதற்கு முன்பு செலவில்லாத ஒரு சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். அதற்கு இந்த இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது.

ஒற்றைப் பெயிண்டில் நிறம், பளபளப்பு இரண்டும் ஒரே கலவையில் இருக்கும். இரண்டு அல்லது மூன்று கை அடித்தாலும் எல்லாம் அதே பெயிண்ட்தான். இரட்டை முறையில் முதலில் நிறம் மட்டும் அடிப்பார்கள். அது காய்ந்தால் மங்கலாகவே இருக்கும். அதன்மேல் நிறமே இல்லாத கண்ணாடி போன்ற ‘கிளியர் கோட்’ அடிப்பார்கள். பளபளப்பைக் கொடுப்பதும் வெயிலைத் தாங்குவதும் அந்த மேல் பூச்சுதான். மினுமினுக்கும் மெட்டாலிக் நிறங்களுக்கு இது கட்டாயம். ஏனென்றால், அவற்றில் உள்ள அலுமினியத் துகள்களை மூடிப் பாதுகாக்க ஒரு பூச்சு தேவை. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்சாலைகளிலிருந்து வரும் மெட்டாலிக் கார்களில் இருப்பது இந்த முறைதான்.

நம் ஊர் வயல்களில் ஓடும் டிராக்டர்களின் நிறங்களைப் பார்த்தால், சிவப்பு, நீலம், பச்சை, ஆரஞ்சு என்று பெரும்பாலும் மினுக்கு இல்லாத அடர் நிறங்கள்தான். இவற்றுக்கு ஒற்றைப் பெயிண்ட் பொருத்தமாக அமையும். பழுது பார்ப்பதும் சுலபம். வரப்பிலோ கருவேல மரத்திலோ உரசிக் கீறல் விழுந்தால், அந்த இடத்தை மட்டும் தேய்த்து அதே பெயிண்டை அடித்துச் சேர்த்துவிடலாம். இரட்டை முறையில் கிளியர் ஓரிடத்தில் உரியத் தொடங்கினால், பாம்புச் சட்டை மாதிரி ஓரம் ஓரமாகக் கழன்று வரும். அதற்குப் பாலிஷ் போட்டுப் பயனில்லை. அந்தப் பகுதி முழுவதையும் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

இப்போது சோதனை. கையில் மாவு ஒட்டுவது பெயிண்ட் முழுவதும் போய்விட்டதற்கு அடையாளம் அல்ல. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பெயிண்டில் உள்ள பசையைச் சிதைக்கும்போது, மேலே உள்ள நிறப்பொடி மட்டும் பிடிப்பில்லாமல் உதிர்கிறது. வண்டியைக் கழுவிக் காயவிட்டு, மட்கார்டின் மறைவான ஓர் இடத்தில் ரப்பிங் காம்பவுண்டை வெள்ளைத் துணியில் தொட்டுத் தேய்க்க வேண்டும். துணியில் சிவப்பு ஏறினால் அது ஒற்றைப் பெயிண்ட். தேய்த்த இடத்தில் பழைய சிவப்பு திரும்பினால் பாலிஷும் மெழுகும் போதும், பெயிண்ட் செலவே மிச்சம். தகரமோ பிரைமரோ தெரிய ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அந்த வண்டிக்குப் புதுப் பெயிண்ட் தேவை.

பெயிண்ட் அடிப்பது என்று முடிவானால், கடைசியாக அடிக்கும் பெயிண்டைவிட அடியில் நடக்கும் வேலையே முக்கியம். துருவின் மேல் பட்டி பூசி அடித்தால் எந்தப் பெயிண்டும் நிற்காது. துருவைத் தகரம் தெரியும்வரை சுரண்டி எடுத்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, அதன்பிறகே பட்டியும் பெயிண்டும். தொழிற்சாலையில் புது உடலை 100 டிகிரிக்கு மேல் சூடான அடுப்பில் வைத்துப் பெயிண்டை இறுக வைப்பார்கள். ஓடிய வண்டியில் ரப்பர், ஒயர், டீசல் டேங்க் எல்லாம் இருப்பதால் பட்டறையில் அப்படிச் செய்ய முடியாது. அதனால்தான் ஹார்டனர் கலந்த பி.யு. பெயிண்ட் வந்தது. தின்னரில் மட்டும் கரைத்து அடிக்கும் என்.சி. பெயிண்ட் சீக்கிரம் காயும், ஆனால் டீசல் சிந்தினாலே இளகும். பட்டறைகளில் ஸ்ப்ரே பெயிண்டை இன்றும் ‘டூகோ’ என்கிறார்களே, அது 1920களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த என்.சி. பெயிண்டின் பெயர். டூகோ என்று சொல்லி எதை அடிக்கப் போகிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தால் காற்றின் ஈரம் பெயிண்டில் படிந்து வெள்ளை பூக்கும். சம்பா அறுவடை முடிந்து, சொர்ணவாரி உழவு தொடங்கும் முன் உள்ள வறண்ட நாள்களே ஏற்றவை. பெயிண்ட் அடித்த பிறகு ஒரு வாரமாவது சேற்றில் இறக்காமல் இருப்பது நல்லது.

இனி சொல்வதுதான் மிக முக்கியம். செலவைக் குறைக்க மாட்டுக்கொட்டகையில் கம்ப்ரசரை வைத்து, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பவர்கள் உண்டு. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அதன் புகைமூட்டத்தைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை ஆகிவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சிரைக்கும். துண்டும் தூசி முகமூடியும் இதைத் தடுக்காது. ஒற்றைப் பெயிண்டிலும் கிளியரிலும் இந்த ஆபத்து ஒன்றுதான். தனி அறையும் வெளிக்காற்றை முகமூடிக்குள் செலுத்தும் வசதியும் உள்ள பட்டறைக்கே விட வேண்டும்.

மாடுகளுக்கும் ஆபத்து உண்டு. பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பெயிண்டுகளில் ஈயம் இருக்கலாம். பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2017 நவம்பரில் அமலுக்கு வந்த மத்திய அரசு விதி, வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் ஆன பெயிண்டுகளுக்கே பொருந்தும். மாடு கண்டதையும் நக்கும், கன்றுகளைக் கேட்கவே வேண்டாம். ஈய விஷம் ஏறினால் கண் தெரியாமல் சுவரில் முட்டும், பல்லை நறநறவென்று கடிக்கும், வலிப்பு வரும். பழைய பெயிண்டைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சுரண்டிய தூளையும் காலி டப்பாவையும் எருக்குழியில் போடக்கூடாது.

பட்டறையில் விடும்போது மூன்று விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். சேசிஸ் எண், இன்ஜின் எண் மேல் பட்டியோ பெயிண்டோ படக்கூடாது. வண்டியை விற்கும்போது அந்த எண்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். ரேடியேட்டரில் பெயிண்ட் அடிக்கக்கூடாது, சூடு வெளியேறாது. நிறத்தை மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

விற்பதற்காகவே அடிப்பதாக இருந்தால் யோசிப்பது நல்லது. விவரம் தெரிந்தவர், புதுப் பெயிண்டைப் பார்த்தால் அடியில் எதை மறைத்திருக்கிறார்கள் என்றே தேடுவார். துருவில்லாத, நன்றாகக் கழுவிய பழைய வண்டிக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: ‘டிரெய்லர், கலப்பைக்கும் பி.யு. பெயிண்ட் தேவையா?’
- வாசகர், சாலவாக்கம்.

பதில்: தேவையில்லை. டிரெய்லருக்குத் துரு எடுத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, பிரஷ்ஷால் சாதாரண எனாமல் பூசினால் போதும். கொழு, ரோட்டாவேட்டர் பிளேடு போன்ற மண்ணில் உரசும் பாகங்களில் எந்தப் பெயிண்டும் நிற்காது. உழவு முடிந்ததும் கழுவிக் காயவைத்து கிரீஸ் தடவி வைக்கலாம். யூரியா, பொட்டாஷ் ஏற்றிய டிரெய்லரை அன்றே கழுவிவிட வேண்டும். அந்த உப்பு ஒரு மழைக்காலம் தகரத்தில் தங்கினால் போதும், எந்தப் பெயிண்டின் அடியிலும் துரு புகுந்துவிடும்.