கூண்டைக் கண்டுபிடித்தது யார்?

வெளிநாட்டுப் போலீசுக்குப் பயிற்சி கொடுத்தாலும் அரசாங்க மேற்பார்வை இருக்கே என்கிறார்கள் சில தோழர்கள். என்னத்த மேற்பார்வை?

தெற்கு வியட்நாமின் போலீசுக்கும் சிறைகளுக்கும் அமெரிக்காவின் ‘பொதுப் பாதுகாப்பு அலுவலகம்’ பணமும் ஆலோசகர்களும் தந்தது. 1970 ஜூலையில் கொன்சோன் தீவுச் சிறையைப் பார்க்க இரண்டு காங்கிரஸ் உறுப்பினர்கள் போனார்கள். சாரணர் முகாம் மாதிரி இருக்கும் என்று சொல்லித்தான் ஆலோசகர் கூட்டிப்போனார். (லாக்கப்பைப் பார்த்தவனுக்கு இந்தப் பேச்சு புதுசா என்ன?) கூடப்போன டான் லூஸின் கையில் ஒரு படம் இருந்தது. அங்கே அடைபட்டு வெளியே வந்த மாணவர் வரைந்து கொடுத்தது. அதை வைத்துத்தான் மறைவுக் கதவைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே புலிக்கூண்டுகள். மேலே கம்பி, கீழே மனுசங்க, கம்பி வழியே கொட்டச் சுண்ணாம்புத்தூள். உதவியாளர் டாம் ஹார்கின் போட்டோ எடுத்தார். அமுக்கப் பார்த்தார்கள், அவர் மசியவில்லை. ‘லைஃப்’ பத்திரிகையில் வந்தது.

1974இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டு இந்த உதவியைத் தடுத்தது. போதைப்பொருள் ஒழிப்புக்கு விலக்கு. வாசலைச் சாத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதை. 1986இல் நீதித்துறைக்குள்ளேயே புதுப் பயிற்சித் திட்டம் வந்துவிட்டது.

மேற்பார்வைக் குழுவில் அடிபட்டவனுக்கு எத்தனை நாற்காலி? அதைச் சொல்லுங்கள் தோழர், அப்புறம் பேசலாம்.