கிளைகளில் சிக்காத சூரியன்

சீன எழுத்தின் அழகைச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் 'கிழக்கு' என்பதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். மரத்தின் குறிக்கு நடுவே சூரியனின் குறி, மரத்தின் பின்னே கதிர் எழுகிறது, ஆகவே கிழக்கு. எழுத்தே கவிதையாகிவிட்ட மொழி என்று வியந்து முடிப்பார்கள்.

விளக்கம் பழையதுதான். சூ ஷென் கி.பி. 100-இல் எழுதி முடித்த 'ஷுவோவென் ஜியேசி' அகராதியிலேயே இருக்கிறது. அவரும் அதை இன்னொருவர் கூற்றாகவே தருகிறார். மேற்குலகில் அதைப் பரப்பியவர் எர்னஸ்ட் ஃபெனலோசா. 1908-இல் அவர் மறைந்தபின், அவருடைய கட்டுரை எஸ்ரா பவுண்டின் கைக்கு வந்து 1919-இல் அச்சேறியது. பவுண்டின் வழியே படிமத்தைக் கற்றவர்களுக்கு அந்தச் சூரியனும் சேர்ந்தே வந்து வாய்த்தது.

சூ ஷென் காணாத ஒன்று நமக்குக் காணக்கிடைக்கிறது. 1899-இல் அடையாளம் காணப்பட்ட ஷாங் அரசர்களின் ஆரூட எலும்புகளில், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வடிவம் உண்டு. அங்கே சூரியனும் இல்லை, மரமும் இல்லை. இரு முனையும் கட்டப்பட்ட ஒரு மூட்டை! திசையை வரைந்து காட்டுவது எளிதன்று. எனவே ஒலியொத்த வேறொரு சொல்லின் படத்தை இரவல் பெற்றார்கள் என்பதே இன்று ஆய்வாளர் பலரின் முடிவு. 'கனம்' என்பதற்கான எழுத்தின் பழைய வடிவத்தில் ஒரு மனிதன் இதே மூட்டையைச் சுமந்து நிற்கிறான்.

பவுண்டின் கவிதைகள் இதனால் சிறுத்துவிடவில்லை. ஆனால் சீனர்கள் படங்களால் சிந்திக்கிறார்கள் என்ற கற்பனையை இனியும் சுமப்பது, அம்மொழியை மொழியாக மதிக்க மறுப்பதே என்போம். அதன் எழுத்துக்களில் மிகப் பெரும்பாலானவை ஒலிக்குறிப்பைத் தாங்கியவை. மா சே துங்கின் பெயரில் இறுதியாக நிற்பது இவ்வெழுத்து. டோக்கியோவின் முதலெழுத்தும் இதுவே. அவற்றை வாசிப்பவர் மனத்தில் விடியல் எழுவதில்லை. நாம் 'கிழக்கு' என்கையில் 'கீழ்' நினைவுக்கு வராததைப் போல. (நிலம் தாழ்ந்த பக்கம் என்பதே நம் சொல்லின் பிறப்பு, அதிலும் சூரியன் இல்லை.) கிழக்கும் மேற்கும் இணைந்த 'துங்சி' என்ற சொல்லுக்குச் சீனத்தில் 'சாமான்' என்று பொருள். கடைக்குப் போய்க் கிழக்கு மேற்கு வாங்கி வருகிறார்கள். மூட்டைக்குப் பொருத்தம்தான்!

1956-இன் எளிமையாக்கத்தில் எட்டுக் கோடுகள் ஐந்தாயின. இன்று பெய்ஜிங்கில் எழுதப்படும் வடிவம் பழைய விரைவெழுத்திலிருந்து வந்தது. அதில் சூரியனைத் தேடினாலும் கிடைக்காது. தைவானிலும் ஹாங்காங்கிலும் ஜப்பானிலும் எட்டுக் கோடுகளே தொடர்கின்றன.