நாச்சோஸ் மேல ஊத்துறதுதான் மெக்சிகன் சீஸா? உருகுவது எது, உருகாதது எது... ஒரு விளக்கம்

மல்டிபிளெக்ஸ் இடைவேளையில் நாச்சோஸ் வாங்கினால், தட்டின் ஓரக் குழியில் மஞ்சளாக, வெதுவெதுப்பாக ஒரு சாஸ் வரும். 'மெக்சிகன் சீஸ்' என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது அதுதான். ஆனா, மெக்சிகோவின் ஊர்ச் சந்தைகளில் சீஸ் கடைப் பக்கம் போனால் காட்சியே வேற. பெரும்பாலும் வெள்ளை, இல்லையென்றால் வெளிர் மஞ்சள். ஒன்று கூடையின் தடம் பதிந்து இருக்கும். ஒன்று நூல்கண்டு போலச் சுற்றி இருக்கும். இன்னொன்று கல்லு மாதிரி கெட்டியாக இருக்கும்.

இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. அடுப்பில் வைத்தால் உருகுமா, அப்படியே நிற்குமா, கடைசியில் தூவ வேண்டியதா என்பதையெல்லாம் அந்தப் பெயரை வைத்தே அங்குள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயர் குழம்பினால் சமையல் சொதப்பும். அதோடு, அந்த சீஸைத் தலைமுறைகளாகச் செய்துவரும் குடும்பங்களின் பிழைப்பும் அடிபடும்.

மெக்சிகோவுக்கு சீஸ் எப்படி வந்தது?

மக்காச்சோளம், மிளகாய், தக்காளி, கொக்கோ எல்லாம் மெக்சிகோ மண்ணின் பழைய சொத்து. சீஸ் அப்படி இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வரும்வரை அங்கே பசு, ஆடு, செம்மறி எதுவுமே கிடையாது. கால்நடைகளும், பாலைத் திரித்து சீஸ் செய்யும் முறையும் அவர்களோடுதான் கப்பலேறி வந்தன.

ஆனா, வந்த சீஸ் அப்படியே இருந்துவிடவில்லை. மக்காச்சோள மாவில் சுட்ட தோர்த்தியா, பீன்ஸ், மிளகாய் சாஸ் ஆகியவற்றோடு சேர்ந்து ஊருக்கு ஊர் மாறியது. 500 வருஷத்தில் அது மெக்சிகோவின் சொந்த உணவாகவே ஆகிவிட்டது.

சில சீஸ் ஏன் உருகுவதே இல்லை?

எல்லாம் புளிப்பும் கால்சியமும் செய்கிற வேலை. பாலில் ரென்னெட் என்ற நொதியைச் சேர்த்தால், பாலிலுள்ள புரதம் வலை மாதிரிப் பின்னிக்கொண்டு கட்டியாகிறது. அந்த வலையை இறுக்கிப் பிடித்திருப்பது கால்சியம். கட்டியைக் கொஞ்ச நேரம் புளிக்கவிட்டால் கால்சியத்தில் ஒரு பகுதி வெளியேறும், பிடி தளரும். அப்புறம் சூடு பட்டால் சீஸ் இளகும், இழுத்தால் நீளும். புளிக்கவிடாமல் சீக்கிரமே வடித்தால் பிடி இறுக்கமாகவே இருக்கும். என்ன சூடு காட்டினாலும் மென்மையாகுமே தவிர ஓடாது.

உருகாத வகையில் முதல் இடம் 'கேஸோ ஃப்ரெஸ்கோ'வுக்கு. பெயருக்கே 'புது சீஸ்' என்றுதான் அர்த்தம். பால் வாசனையோடு, லேசான உப்போடு, கையில் எடுத்தால் உதிரும். செய்த சில நாளிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். என்சிலாதா மேல், பீன்ஸ் மேல், சாலட் மேல் உதிர்த்துப் போடுவார்கள். மிளகாயின் காரத்தைத் தணிப்பதுதான் இதன் முக்கிய வேலை. அதனால் அடுப்பை அணைத்த பிறகு போட்டால் போதும்.

அடுத்தது 'பனேலா'. கூடையில் ஊற்றி வடிப்பதால் மேலே பின்னல் தடம் அப்படியே பதிந்திருக்கும். 'கூடை சீஸ்' என்றே இதற்கு இன்னொரு பெயரும் உண்டு. தடிமனாக வெட்டி, லேசாக எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் போட்டால் வெளியே பொன்னிறமாகச் சிவக்கும், வடிவம் மாறாது. மெக்சிகோவில் இதைச் சுட்ட கள்ளிமடலோடு பரிமாறுவது வழக்கம்.

சீஸ் வடித்த தண்ணீரையும் வீணாக்க மாட்டார்கள். அதை மறுபடி சூடாக்கினால் திரண்டு வருவது 'ரெகெஸோன்'. மிருதுவானது, இத்தாலியின் ரிக்கோட்டாவுக்குப் பக்கத்து உறவு. மக்காச்சோள மாவுக்குள் பூரணமாக வைக்க ஏற்றது.

அப்போ, இழுத்தால் நீளும் சீஸ் எது?

தென் மெக்சிகோவின் வஹாகா மாநிலத்தில் செய்யப்படும் 'கெஸீயோ'தான் அது. வெளியூர்க்காரர்கள் 'வஹாகா சீஸ்' என்பார்கள், சொந்த ஊரில் 'கெஸீயோ' என்றால்தான் புரியும். புளித்த கட்டியைச் சுடுதண்ணீரில் போட்டுப் பிசைந்து, நாடாவாக இழுத்து, பந்தாகச் சுற்றிவிடுவார்கள். மொஸரெல்லாவின் கைப்பக்குவமும் இதேதான்.

இதற்கு ஒரு கதையும் சொல்வார்கள். 1885இல், ரேயஸ் எத்லா என்ற ஊரில், பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன ஒரு சிறுமி கவனிக்காமல் விட்டுவிட்டாளாம். கட்டி அளவுக்கு மீறிப் புளித்துவிட்டது. திட்டு விழுமே என்று பயந்து சுடுதண்ணீரை ஊற்ற, அது ரப்பர் மாதிரி இழுபட்டதாம். கதை நிஜமோ இல்லையோ, அதிலுள்ள வேதியியல் சரிதான்.

கெஸீயோவைக் கத்தியால் வெட்ட வேண்டாம். பந்தைப் பிரித்து, நார் நாராகக் கையால் கிழித்துப் போட்டால் சீராக உருகும். கேஸதீயாவுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. இந்தப் பெயரிலேயே சீஸ் இருந்தாலும், மெக்சிகோ சிட்டியில் 'சீஸ் வேணுமா, வேண்டாமா' என்று கடைக்காரர் கேட்பார். தலைநகரத்தாரை மற்ற ஊர்க்காரர்கள் இன்றும் கிண்டல் செய்வது இதை வைத்துத்தான்.

வடக்கே சிவாவா மாநிலத்தின் சீஸ் இன்னொரு விதத்தில் உருகும். நாராக நீளாது, வெண்ணெய் போல வழுக்கும். இதைச் செய்யத் தொடங்கியவர்கள், 1922இல் கனடாவிலிருந்து வந்து குடியேறிய மென்னோனைட் கிறிஸ்தவ விவசாயிகள். ஜெர்மன் கிளைமொழி பேசும் சமூகம். அதனால் சிவாவாவில் இதன் பெயர் 'மென்னோனைட் சீஸ்'. சட்டியில் உருக்கி, வறுத்த சோரிஸோ இறைச்சியை மேலே போட்டு, சூடான தோர்த்தியாவில் அள்ளிச் சாப்பிடும் 'கேஸோ ஃபுந்தீதோ'வுக்கு இது பொருத்தம்.

சரி, கோத்தீஹா என்றால் என்ன?

சுட்ட மக்காச்சோளத்தில் மயோனைஸ் தடவி, மிளகாய்த்தூள், எலுமிச்சையோடு வெள்ளைத் தூளாக ஒன்றை அப்பித் தருவார்களே, அந்த 'எலோத்தே'வின் உயிர் இந்த சீஸ்தான். மெரினா சோளத்தின் எலுமிச்சை, மிளகாய்த்தூள் ருசி தெரிந்தவர்களுக்கு இது பாதி பழகிய சுவை. உப்பும் மணமும் தூக்கலாக இருக்கும். அதனால் கோத்தீஹா சேர்க்கும் உணவில் உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும்.

மிச்சோவகான் மாநிலத்தில் கோத்தீஹா என்றொரு ஊர் இருக்கிறது. அதையொட்டி, ஹலிஸ்கோ மாநில எல்லையில் உள்ள மலைப்பகுதிதான் இதன் தாயகம். ஜூலை முதல் அக்டோபர் வரை, மழையில் புல் முளைக்கும் மாதங்களில் மட்டும், மேய்ச்சல் பசுக்களின் காய்ச்சாத பாலில் செய்வார்கள். ஒரு சக்கரம் சுமார் 20 கிலோ. ஒரு கிலோ சீஸுக்கு ஏறக்குறைய 10 லிட்டர் பால் என்று வைத்தாலும், ஒரு சக்கரத்துக்கு 200 லிட்டர் பால் போகும். அதற்கு மேல் குறைந்தது 3 மாதம் காத்திருந்து முதிரவைக்க வேண்டும்.

பெயரில் என்ன பிரச்சினை?

இவ்வளவு உழைப்பில் வரும் சீஸுக்கும், எங்கோ ஓர் ஆலையில் வருஷம் முழுக்கத் தயாராகும் சீஸுக்கும் லேபிளில் ஒரே பெயர். மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் யார் வேண்டுமானாலும் 'கோத்தீஹா' என்று எழுதி விற்கலாம். பெயர் பொதுச்சொல் ஆகிவிட்டது. மலைப்பகுதி உற்பத்தியாளர்கள் 2005இல் 'கோத்தீஹா - பிறப்பிடப் பகுதி' என்ற கூட்டு முத்திரையைப் பெற்றார்கள். அது அவர்களின் சீஸை அடையாளம் காட்டும், அவ்வளவுதான். அடுத்தவர் அந்தப் பெயரை எழுதுவதைத் தடுக்காது.

கோத்தீஹாவோடு இது முடியவில்லை. பால் கொழுப்புக்குப் பதிலாக மலிவான தாவரக் கொழுப்பைக் கலந்து, சீஸ் என்றே விற்பதும் அங்கே பெரிய தலைவலி. 2020 அக்டோபரில் மெக்சிகோ அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ப்ரொஃபெகோவும் பொருளாதார அமைச்சகமும் சுமார் 20 சீஸ், யோகர்ட் தயாரிப்புகளின் விற்பனையை நிறுத்தின. லேபிள் சொல்வதும் உள்ளே இருப்பதும் பொருந்தவில்லை என்பது முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. பட்டியலில் பெரிய பிராண்டுகளும் இருந்தன.

பனீர் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கதை புதுசாக இருக்காது. தாவரக் கொழுப்பு கலந்ததைப் பனீர் என்று விற்கக் கூடாது என்று இங்கும் விதி இருக்கிறது. ஹோட்டல் தட்டில் வருவது எது என்ற சந்தேகமும் இருக்கிறது.

இந்த விஷயத்தில் மெக்சிகோ மாதிரியான நாடு இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். கலப்படத்தைப் பிடிப்பது அவசியம், ஆனா அது மட்டும் போதாது. பிறந்த ஊரின் பெயரைச் சுமக்கும் உணவுக்கு, அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் செய்முறையே அளவுகோலாக வேண்டும். ஆலை சீஸ் தாராளமாக விற்கட்டும், ஆனா 'கோத்தீஹா பாணி' என்று லேபிளில் சேர்ப்பதில் யாருக்கும் பெரிய நஷ்டம் வந்துவிடாது. அந்த ஒரு சொல் இல்லாததால், மழைக்காலம் முழுக்க மலையில் பாடுபடுகிறவர் ஆலை விலையோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

நம்ம ஊர்ல கிடைக்கலையா?

அசல் சீஸ் கிடைப்பது கஷ்டம்தான். ஆனா வேலை தெரிந்தால் மாற்று கண்டுபிடிக்கலாம்.

உதிர்க்க: ஃப்ரெஸ்கோவுக்குப் பதில் புதுப் பனீரை உதிர்த்து, ஒரு சிட்டிகை உப்பு சேர்க்கலாம்.

சுட: பனேலா இடத்திலும் பனீரே போதும். தடிமனாக வெட்டி மிதமான தீயில் சுட வேண்டும்.

உருக்க: கெஸீயோவுக்குப் பதில், தண்ணீர் குறைவான மொஸரெல்லா கட்டி. வீட்டில் துருவுவதே நல்லது. துருவி விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமல் இருக்க ஸ்டார்ச் போன்றவை தூவியிருப்பார்கள், அது சீராக உருகாது. தீ எப்போதும் குறைவாக இருக்கட்டும், கூடினால் எண்ணெய் தனியே பிரியும்.

தூவ: கோத்தீஹாவுக்கு ஃபெட்டா அல்லது பார்மசான் ஓரளவு ஈடுகொடுக்கும்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாரம்பரிய ரென்னெட் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. இறக்குமதி சீஸ் என்றால் லேபிளைப் பார்த்துவிடுவது நல்லது.

கர்ப்பிணிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. 1985இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில், மெக்சிகன் பாணி மென்மையான சீஸ் மூலம் லிஸ்டீரியா கிருமி பரவியது. 142 பேர் பாதிக்கப்பட்டனர். கருவிலிருந்த சிசுக்கள், பச்சிளம் குழந்தைகள் உட்பட 48 உயிர்கள் போயின. பாஸ்டரைஸ் செய்யாத பால் கலந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். புது சீஸ் வாங்கும்போது 'பாஸ்டரைஸ் செய்த பால்' என்று லேபிளில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

அடுத்த முறை பாக்கெட்டில் வெறும் 'மெக்சிகன் சீஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால், அதைத் திருப்பிப் பின்பக்கம் படிக்க வேண்டும். எந்த சீஸ், எந்தப் பால், என்ன கொழுப்பு? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அந்தப் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.