மன்னிப்பும் மன்றின் மாண்பும்

நீதிமன்றை அவமதித்தவன் மன்னிப்புக் கேட்டால் குற்றம் கழுவப்பட்டுவிடுமா? கேட்க மறுத்தால் குற்றம் இரட்டிக்குமா? நம் நாட்டில் இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகள் ஒன்றோடொன்று இணங்குவனவாக இல்லை.

நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த திரு. ரஞ்சன் ராமநாயக்க, நீதிபதிகளிலும் சட்டத்தரணிகளிலும் பெரும்பாலோர் ஊழல் புரிவோர் என்னும் பொருள்பட 2017ஆம் ஆண்டிற் பேசினார். ஒரு துறையையே மொத்தமாகப் பழித்த அப்பேச்சை யாம் மெச்சவில்லை. ஆயினும் அது பேச்சே, எவ்வழக்கையும் தடுத்ததன்று. உயர் நீதிமன்றம் 2021 சனவரியில் நான்காண்டு கடூழியச் சிறை விதித்தது. மன்னிப்புக் கோர மறுத்து நின்றவர், கூற்றை மீளப்பெற்று மன்னிப்புக் கோரிய பின்னரே, 2022 ஓகஸ்டில் சனாதிபதியின் கருணையால் வெளிவந்தார்.

இனி மற்றவரைப் பார்ப்போம். ஞானசார தேரர் 2016இல் ஹோமாகம நீதவான் மன்றினுள்ளேயே ஆர்ப்பரித்து அலுவலைக் குழப்பினார். மேன்முறையீட்டு நீதிமன்றம் 2018 ஓகஸ்டில் ஆறாண்டுச் சிறை விதித்தது. ஒன்பதே மாதத்தில், 2019 மே மாதம், பொதுமன்னிப்பு! அடுத்த செப்ரெம்பரில், செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயில் தீர்த்தக் கேணியருகே, முல்லைத்தீவு மன்றின் கட்டளையை மீறிப் பிக்கு ஒருவரின் உடல் தகனஞ் செய்யப்பட்டபோது, அங்கே முன்னின்றவர் அதே தேரர். நியாயங் கேட்ட சட்டத்தரணிகள் தாக்கப்பட்டனர். வடகிழக்குச் சட்டத்தரணிகள் மன்றுகளைப் பகிஷ்கரித்தனர்.

கமக்காரன் ஒருவன், மன்றின் தடைக்கட்டளை இருக்கவே, இரவோடிரவாக எல்லைக் கதியாலைப் பிடுங்கி அயலான் காணிக்குள் நாலு முழம் தள்ளி நட்டான் என்க. மறுதவணையிற் கைகட்டி நின்று, “ஐயா, மன்னிக்க வேண்டும்” என்றால் போதுமா? முதலில் வேலியைப் பிடுங்கு என்பார் நீதவான். செயலால் நேர்ந்த அவமதிப்புக்குச் செயலே மன்னிப்பு. கருத்தால் நேர்ந்ததாகச் சொல்லப்படும் அவமதிப்போ வேறு. தான் உண்மையென நம்புவதைச் சிறைக்கஞ்சி ஒருவன் மறுத்துரைப்பானாயின், சத்தியம் கேட்டுத் தீர்ப்பளிக்கும் மன்று அவனிடமிருந்து பெறுவது பொய்யன்றோ?

அகமதாபாத் மாவட்ட நீதிபதி எழுதிய கடிதமொன்றைக் காந்தியடிகள் 1919இல் ‘யங் இந்தியா’விற் கண்டனத்துடன் வெளியிட்டார். கேட்ட மன்னிப்பைத் தர மறுத்தார். பம்பாய் உயர்மன்று 1920 மார்ச்சில் கடிந்து எச்சரித்து விட்டுவிட்டது. அந்நிய ஆட்சியின் மன்று அது! அதன் மாண்பு அதனாற் குன்றிற்றா? இந்தியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டமும், நல்லெண்ணத்தோடு கோரிய மன்னிப்பை நிபந்தனையுடையது என்பதற்காக மட்டும் தள்ளலாகாது என்கின்றது.

நம் அரசியலமைப்பின் 105(3)ஆம் உறுப்புரை தண்டிக்கும் அதிகாரத்தைக் கொடுத்ததேயன்றித் தண்டனையின் உச்சத்தைக் குறிக்கவில்லை. அவமதிப்புக்கெனத் தனிச் சட்டம் 2024இலேயே வந்தது. கொழும்பில் நாவடக்கமற்ற அரசியல்வாதி எத்தனை நாள் சிறையிருந்தார் என்பதைக் கொண்டு அச்சட்டத்தை யாம் அளக்கமாட்டோம். குருந்தூர்மலை வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி, உயிரச்சுறுத்தலைக் காரணங்காட்டி 2023 செப்ரெம்பரிற் பதவி துறந்து நாட்டைவிட்டே வெளியேறினார். கீழ்மன்றின் கட்டளை முல்லைத்தீவிலும் கட்டளைதான் என்பதை நிலைநாட்ட இச்சட்டம் உதவுமா? வடகிழக்குச் சட்டத்தரணிகள் சங்கங்கள் தீர்மானங்களோடு நில்லாது, கட்டளை மீறப்படும் ஒவ்வொரு வேளையும் மனுவோடு மன்றேறி இதனைக் கேட்டல் வேண்டும்.