தாக்குதலுக்கு முந்தைய கடமை

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிச் சேவைகள் 2022 நவம்பர் 23-ஆம் தேதி முடங்கின. புறநோயாளிகள் பதிவு முதல் பரிசோதனை முடிவுகள் வரை அனைத்தும் பல நாள்கள் கையால் எழுதப்பட்டன. அவதிப்பட்டவர்கள் வரிசையில் நின்ற நோயாளிகளே.

இது குறித்து நாடாளுமன்றத்தில் அரசு அளித்த பதில் கவனத்துக்குரியது. கணினி வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே ஊடுருவலுக்குக் காரணம் என்று அரசே ஒப்புக்கொண்டது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன. பாதிப்புக்குள்ளாகாத மற்றொரு சர்வரில் இருந்த காப்பு நகலிலிருந்தே தகவல்கள் மீட்கப்பட்டன. கெடுத்தது பராமரிப்புக் குறை, காத்தது முன்னெச்சரிக்கை.

இணையத் தாக்குதல்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரலிலேயே உத்தரவிட்டது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால், தெரிவிப்பது தாக்குதலுக்குப் பிந்தைய கடமை. முந்தைய கடமைக்கு யார் பொறுப்பு?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. மாற்று ஏற்பாடின்றி அதிலேயே இயங்கும் கணினி, வீட்டில் இருந்தாலும் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்தாலும், தாழிடாத கதவுதான்.

வீட்டுக் கணினிக்கு அதன் உரிமையாளர் பொறுப்பு. மக்களின் ஆவணங்களைச் சுமக்கும் கணினிக்கு அரசே பொறுப்பு. கணினி வாங்க நிதி ஒதுக்கும்போதே அதைப் புதுப்பிக்கவும், காப்பு நகல் எடுக்கவும், ஆண்டுதோறும் தணிக்கை செய்யவும் நிதி ஒதுக்கப்பட வேண்டும். அது முறையாகச் செலவிடப்பட்டதா என்பதை நாடாளுமன்றம் கேட்க வேண்டும், அடுத்த முடக்கத்துக்கு முன்பே!