ஓடும் எழுத்தும் ஓர் இல்லமும்



இதழியல் பயிலும் மாணவி ஒருத்தி, சென்னையில் தொலைக்காட்சிச் செய்தி நிலையமொன்றில் பயிற்சி முடித்துத் திரும்பினாள். அவள் நம்மிடம் கூறியதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது, நாள்தோறும் சில மணி நேரமே ஒளிபரப்பு. இன்றோ 24 மணி நேரமும் செய்தி. திரையின் அடியில் ஓடும் வரிகளைத் தட்டச்சு செய்வதே மாணவியின் பணி. ஒருநாள் மாலை, பேருந்து விபத்தொன்றைப் பற்றித் தகவல் வந்தது. செய்தியாளர் உறுதி செய்யுமுன்னரே, ஊர்ப்பெயருடன் ‘பலர் பலி’ என்று ஏற்றிவிட்டாள். ஆசிரியர் கண்டு, சில நிமிடங்களில் நீக்கினார். உண்மையில் எவரும் இறக்கவில்லை, சிலர் காயமுற்றிருந்தனர்.

இரவில் வீடு திரும்பினாள். வாடகையைப் பங்கிட்டு, முறைவைத்துச் சமைத்து, அவளோடு வாழ்ந்தவர் தோழியர் மூவர். அன்று சமைக்கவேண்டியவள் உலையேற்றாது, அழுது வீங்கிய கண்களுடன் அமர்ந்திருந்தாள். அவளுடைய தந்தை அவ்வழியே பயணம் செய்திருந்தார். தொலைபேசியில் அவர் குரலைக் கேட்கும்வரை ஒரு மணி நேரம் துடித்திருக்கிறாள்.

“அந்த வரியை எழுதியவள் நான்தான்” என்றாள் மாணவி. மறைத்திருந்தால் எவரும் அறிந்திரார்.

நெடுநேர மௌனத்திற்குப் பின் தோழி சொன்னாள்: “இனி எழுதும்போது என் அப்பாவை நினைத்துக்கொள்.” அன்றிரவு மாணவியே உலையேற்றினாள், நால்வரும் சேர்ந்து உண்டனர்.

கைப்பேசியில் வந்ததை ஆராயாது பிறர்க்கு அனுப்பும் நாமும் செய்தியாளரே. அனுப்புமுன், அதைப் படிக்கப்போகும் ஒரு மகளை நினைத்துக்கொள்வோமா?