அப்பாவுக்குத் தெரியாத பள்ளம்!

டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்த இந்த மூன்று வருடத்தில், நான் அதிகம் தலைப்பு வைத்த செய்திகளில் ஒன்று மீன்பிடித் திருவிழா. மாசி பிறந்துவிட்டால் போதும், மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் ஏதோ ஓர் ஊரிலிருந்து வீடியோ வந்துவிடும். 'துள்ளிய மீன்கள்... அள்ளிய மக்கள்!' என்று ஒரு தலைப்பு, பத்துப் படங்கள். வேலை முடிந்தது. ஆனால், ஒருமுறைகூட நான் கண்மாய்க்குள் கால் வைத்ததில்லை.

போன வைகாசியில் ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை நம்ம கம்மாயில மீன்பிடி. நாலு வருஷம் கழிச்சு இப்பத்தான் கம்மா நெறஞ்சு, மீனும் வளந்து கெடக்கு. எல்லாரும் வந்துருங்க."

அன்று ராத்திரியே அப்பா பையை எடுத்து வைத்துவிட்டார். சென்னைக்கு வந்து முப்பது வருடமாகிறது. ஆனாலும் சிவகங்கை போய்ச் சேரும்வரை கண்மாயைப் பற்றித்தான் பேச்சு. "மடைக்கிட்ட ஆள் ஆழம். நடுவுல இடுப்பளவு. கலுங்குப் பக்கம் முழங்கால்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் நடந்துருவேன்" என்றார்.

விடியும்போதே கரை முழுக்கக் கூட்டம். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பைக்கிலும் சரக்கு வண்டியிலும் வந்து இறங்கியிருந்தார்கள். கையில் வலை, கூடை, சிலரிடம் கொசுவலை, பெரியவர்களிடம் ஊத்தா. ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்திருக்கும் கூம்பு வடிவக் கூடை. தண்ணீருக்குள் அழுத்தி வைத்து, மேல் வாய் வழியாகக் கையை விட்டு, சிக்கிய மீனைப் பிடிக்க வேண்டும். கண்ணால் பார்க்க முடியாது, எல்லாம் விரல் அறிவதுதான்.

அத்தனை பேர் நின்றும் ஒருவர்கூடத் தண்ணீரில் இறங்கவில்லை. கரையில் இருக்கும் சாமிக்குத் தேங்காய் உடைத்து, ஊர் அம்பலம் வெள்ளைத் துண்டை வீசிய பிறகுதான் இறங்க வேண்டும். துண்டு பறந்த அந்த நொடியில் கண்மாயே கலங்கிப் போனது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சின்னப் பையன்போல ஓடினார். பின்னால் நானும் தம்பியும்.

இங்கே பிடிக்கிற மீனை யாரும் விற்பதில்லை. வெளியூர்க்காரர், உள்ளூர்க்காரர் என்ற வித்தியாசமும் இல்லை. ஆனால், இது சும்மா கிடைக்கிற மீன் என்று நினைத்துவிடாதீர்கள். கட்லா, ரோகு, மிர்கால் போன்றவை தேங்கிய தண்ணீரில் தாமாக இனம் பெருக்குவதில்லை. அவற்றுக்கு ஓடும் ஆறு வேண்டும். அதனால், கார்த்திகை மழையில் கண்மாய் நிரம்பியதும் ஊர்ப் பணத்தில் குஞ்சு வாங்கி விட்டிருக்கிறார்கள். விராலும் கெளுத்தியும் கெண்டையும் தாமாக வருபவை. ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட, 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக்கு யார் தயவும் தேவையில்லை, அதுபாட்டுக்குப் பெருகிவிடும். அறுவடை முடிந்து, பாசனத்துக்குத் தண்ணீர் தேவைப்படாமல், மட்டம் இறங்கிய பிறகுதான் இந்த விழா. மழை பொய்த்தால் நெல்லும் இல்லை, மீனும் இல்லை.

நான் ஒரு கெண்டையைப் பிடித்துத் தவறவிட்டு, இரண்டாவது கெண்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். "அக்கா, அப்பாவைக் காணோம்" என்றான் தம்பி.

பத்தடி தள்ளி, அப்பா இடுப்பளவு என்று சொன்ன இடத்தில், அவருடைய துண்டு மட்டும் மிதந்தது. கத்தக்கூட எனக்குக் குரல் வரவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் சட்டென்று ஊத்தாவை நீட்டினார். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை வந்து அதைப் பிடித்தது. நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். கரையில் உட்காரவைத்ததும் இருமி இருமித் தண்ணீரைத் துப்பினார். மூக்குக் கண்ணாடி போயிருந்தது.

"இங்கன பள்ளமே கெடையாதே..." என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பள்ளம் புதிது. போன கோடையில் கண்மாய் காய்ந்து கிடந்தபோது, ராத்திரிகளில் லாரிகள் வந்து அள்ளிப்போன இடம் என்றார்கள். விவசாயிகள் அனுமதி வாங்கி வண்டல் மண்ணை மேலாகச் சீராக எடுத்தால் கண்மாய்க்கு நல்லது. வயலுக்கு உரம், கண்மாய்க்குக் கூடுதல் கொள்ளளவு. ஒரே இடத்தில் ஆள் உயரத்துக்கும் மேல் செங்குத்தாகத் தோண்டினால் அது கிணறு. தண்ணீர் ஏறிவிட்டால் மேலே எதுவும் தெரியாது. அன்று அப்பா விழுந்தார். நீச்சல் தெரிந்தும் சேற்றில் கால் சிக்கியதால் திணறினார். கோடை விடுமுறையில் குளிக்க வரும் எட்டு வயதுப் பிள்ளை விழுந்திருந்தால்?

மதியம் அப்பத்தா வீட்டில் மீன் குழம்பு. எங்கள் பங்குக்கு ஏழு கெண்டை, மூன்று ஜிலேபி. ஊத்தா நீட்டிய பெரியவர் பெரிய விரால் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "மீனில்லாம திரும்பக் கூடாதுப்பா" என்றார். யாருக்குக் கிடைக்கவில்லையோ, அவர்களுக்குக் கிடைத்தவர்கள் கொடுப்பது அங்கே வழக்கமாம்.

சாப்பிடும்போது பெரியப்பா பழைய பாரி வேட்டைக் கதைகளை எடுத்தார். சிவராத்திரி முடிந்ததும் ஊரே திரண்டு முயல் வேட்டைக்குப் போன காலம் அது. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், கவுதாரி எதையும் வேட்டையாடக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். "அது போனதுல வருத்தமில்ல. கூட்டமா போறதுக்கு இந்தக் கம்மா இருக்கு. இதையும் குழி தோண்டி விட்டுட்டா, பிள்ளைகளை எதை நம்பி இறக்குறது?" என்றார்.

சாயங்காலம் அப்பா மறுபடி கண்மாய்க்குக் கிளம்பியபோது அம்மாவுக்கு நெஞ்சே நின்றுவிட்டது. சித்தப்பாவும் ஊர்ப் பையன்கள் ஆறேழு பேரும் கூடப் போனார்கள். கயிறு கட்டி, நீளக் கம்பால் ஆழம் பார்த்து, பள்ளத்தைச் சுற்றிச் சீமைக்கருவேலங் கம்புகளை ஊன்றி, சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தார்கள். கண்மாயில் மண் எடுப்பது பற்றி கிராம சபையில் பேசப்போவதாகவும், கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கப்போவதாகவும் பையன்கள் சொன்னார்கள்.

நீங்களும் குடும்பத்தோடு மீன்பிடிக்கப் போகிறீர்கள் என்றால், கரையில் நிற்கும் உள்ளூர்க்காரர்களிடம் முதலில் பள்ளம் எங்கே என்று கேளுங்கள். 'சின்ன வயதில் இறங்கிய இடம்தானே' என்ற தைரியம் வேண்டாம். கையில் ஒரு கம்பு இருக்கட்டும், ஊன்றிப் பார்த்துக் கால் வையுங்கள். உடைந்த பாட்டில்கள் கிடக்கலாம், பழைய கேன்வாஸ் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை திரும்பி, அப்பா புதுக் கண்ணாடி வாங்கிவிட்டார். இப்போதும் வாரம் ஒருமுறை சித்தப்பாவுக்குப் போன் போட்டு அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "கம்பெல்லாம் நிக்குதாடா?"